மஸ்கட்டிலிருந்து வந்த கை

மாறனின் வலது கை அவன் சொந்த ஊரான வேங்கிக்காலுக்கு முதன்முதலாகத் தனியாக வந்தது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆள் மஸ்கட்டில் இருந்தான். கை மட்டும் கம்ப்யூட்டர் திரையிலிருந்து முழங்கை வரை வெளியே நீண்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி எழிலரசியின் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. அவனைக் கேட்காமல் அவள் தங்கச்சி ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றப் போய்வந்ததுதான் காரணம். மறுநாள் அவள் கன்னத்தில் நான்கு விரல்களும் அவன் போட்டிருந்த மோதிரமும் பதிந்திருந்ததைத் தெருவே பார்த்தது. அந்த வாரம் பூண்டு விலை ஏறியிருந்தது. தெருவில் அதைப் பற்றிப் பேசியதைவிடக் கொஞ்சம் கம்மியாகத்தான் இதைப் பற்றிப் பேசினார்கள்.

மாறன் கம்பி கட்டும் வேலையில் தொடங்கியவன். பெரிய கட்டடங்களுக்கு இரும்புக் கம்பியை வளைத்து வளைத்து அவன் கை உலக்கை போல ஆகியிருந்தது. ஊரில் இருந்தவரை அந்தக் கையால் வாரம் தவறாமல் எழிலரசியை அடித்தான். மஸ்கட்டில் சூப்பர்வைசர் வேலை கிடைத்துப் போனபோது, வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அழுதார்கள். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தை கவிநிலாவை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தூங்கினாள். அப்படித் தூங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. பாவம், ஆள் கடல் தாண்டிவிட்டால் கையும் அங்கேயே கிடக்கும் என்று நம்பிவிட்டாள். போவதற்கு முன் அவன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, மேசை போட்டு, அதில் வீடியோ காலுக்கு ஒரு நீல நிறச் செயலியை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். கூப்பிட்டால் யாரும் எடுக்காமலேயே தானாகத் திறந்துகொள்ளும்படி அதில் ஒரு வசதி உண்டு. முதல் வேலையாக அதைத்தான் தட்டி வைத்திருந்தான்.

செல்போனிலும் ஒரு முறை முயன்று பார்த்தான். அந்தச் சின்னத் திரை வழியாக ஒரே ஒரு விரல்தான் வர முடிந்தது. அந்த விரல் அவள் கண்ணைக் குத்தி, கண் இரண்டு வாரம் ரத்தமாகச் சிவந்து கிடந்தது என்றாலும் அவனுக்குத் திருப்தியில்லை. அடுத்த மாதமே ஒரு பெரிய மானிட்டர் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. அதன் வழியே கை தோள்பட்டை வரை வந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் கூப்பிடுவான், திரை திறக்கும், சாப்பிட்டாயா என்று கேட்பான், குழந்தை படிக்கிறதா என்று கேட்பான், பிறகு ஏதாவது ஒன்றில் கோபம் வந்து கையை நீட்டுவான். கம்ப்யூட்டரை அணைத்து வைத்தால் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கடை வைத்திருக்கும் அவன் அண்ணன் இருசப்பனுக்கு போன் போகும். அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு வண்டியில் வந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொள்வார். ஒரு முறை கை வீட்டுக்குள் இருக்கும்போதே அவள் பிளக்கைப் பிடுங்கினாள். யூபிஎஸ் இருப்பதை மறந்துவிட்டாள். அன்று அவளுடைய முன்பல் ஒன்று போனது.

போலீசுக்கும் போனாள். அங்கே இருந்த எஸ்.ஐ. அம்மா நல்லவர்தான், டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் விசாரித்தார். "ஆளு மஸ்கட்ல இருக்கான்னு நீயே சொல்ற. சம்பவ எடத்துல ஆளு இல்லாம நான் எப்படிம்மா எஃப்.ஐ.ஆர். போடறது? இந்தியாவுக்கு வந்தான்னு பாஸ்போர்ட்ல சீல் இருக்கணும். கைக்கு எங்க சீல் குத்துவாங்க?" என்றார். சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. இருசப்பன் பெரிய மனுஷன் தோரணையில் வேறு வழி சொன்னார். "இன்னா பண்றது, தனியா கெடக்கறான், வெயிலு ஜாஸ்தி, கோவம் வரத்தான் செய்யும். நீ நாற்காலிய கொஞ்சம் பின்னாடி போட்டுக்கினு உக்காரேன்." பின்னால் போட்டால் முகம் சரியாகத் தெரியவில்லை என்று மாறன் அதற்கும் அடித்தான்.

அவள் தன்னை விட்டுவிட்டாள். மகளை மட்டும் விடவில்லை. கை எதுவரை எட்டும் என்று உடம்பாலேயே அளந்து வைத்திருந்தவள், தினமும் காலையில் வீடு துடைத்ததும் அந்த மேசையைச் சுற்றிக் கோலமாவால் அரைவட்டமாக ஒரு கோடு இழுப்பாள். வாசலில் கோலம் போடுவதை மறந்த நாள் உண்டு, இந்தக் கோட்டை மறந்த நாள் கிடையாது. கவிநிலா தவழும்போதே அந்தக் கோட்டிடம் வந்து நின்றுவிடப் பழகிவிட்டாள். நடக்கத் தொடங்கியதும் கோட்டின் ஓரமாகவே நடந்தாள். அந்தக் கூடத்தில் பாதி அவளுக்குக் கிடையாது என்பது, அடுத்த வீட்டு மாடி அவளுக்குக் கிடையாது என்பது போலத்தான் அவளுக்குப் பட்டது. "அப்பா கை இன்னும் வளருமாம்மா?" என்று ஒரு நாள் கேட்டாள். அவள் வளர்ந்துகொண்டிருந்ததால் எல்லோரும் வளர்வார்கள் என்று நினைத்திருந்தாள். எழிலரசி மறுநாள் கோட்டை ஒரு சாண் தள்ளிப் போட்டாள்.

அவனுக்குப் பக்தி இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு கார்த்திகை தீபத்தன்றும் மானிட்டரை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கச் சொல்வான். மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் திரையிலிருந்து இரண்டு கைகளும் வெளியே வந்து, தலைக்கு மேல் உயர்ந்து குவியும். அரோகரா என்று அவன் சொல்வது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியிலிருந்தே எட்டிப் பார்த்து, மஸ்கட்டில் இருந்தாலும் மலையை மறக்கவில்லை பார் என்று மெச்சுவார்கள். கும்பிட்டு முடித்ததும் இடது கை போய்விடும். வலது கை இருந்து, மானிட்டரைத் திருப்ப ஏன் அத்தனை நேரம் என்று கேட்டு அவள் மண்டையில் குட்டிவிட்டுப் போகும்.

இப்படியாக வருஷங்கள் போயின. அவன் லீவில் வந்தபோது நேரில் அடித்தான், போனபிறகு திரை வழியாக அடித்தான். கவிநிலா நாலாவது முடித்த அந்தச் சித்திரையில், நீலச் செயலியை மே மாதத்தோடு நிறுத்தப்போகிறார்கள் என்று திரையின் மேல் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. எழிலரசி அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் போல மெல்ல மெல்லப் படித்தாள். பிறகு மறுபடியும் படித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணி ஆனது, திரை திறக்கவில்லை. ஏழரை ஆனது. அவள் எழுந்து போய் அடுப்பில் தோசைக்கல்லை வைத்தாள். கவிநிலா கேட்காமலேயே அவளுக்கு நான்கு தோசை சுட்டுப் போட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. நீலமாக இருந்த இடம் பச்சையாகி, மஞ்சளாகி, மஞ்சள் பூசின மாதிரி இருந்து, பிறகு தோல் நிறமே ஆகிவிட்டது. மளிகைக்கடையில் புதிதாகக் குடிவந்தவள் என்று நினைத்து எந்தத் தெரு என்று விசாரித்தார்கள். கோட்டை அழித்தால் எங்கே மறந்துவிடுவோமோ என்று பயந்து அவள் தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கவிநிலா முதலில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள், பிறகு இரண்டு காலையும் வைத்தாள், பிறகு பள்ளிக்கூடப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் அந்த மேசை மேலேயே வைக்கத் தொடங்கினாள். எழிலரசி அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் ஏமாந்துவிட்டாள்.

மஸ்கட்டில் மாறனுக்குக் கை நமைத்தது. வேலையாளை அடித்தால் அங்கே ஜெயில், அதனால் கதவை அடித்தான், தகரத்தை அடித்தான். வேறு ஒரு செயலியைப் போடச் சொல்லி வேங்கிக்காலிலேயே கலெக்டர் ஆபீஸ் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் விமல்ராஜுக்கு போன் மேல் போன் போட்டான். விமல்ராஜ் வந்து, திரைக்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டி மவுஸைப் பிடித்து வேலை செய்வார். அவர் முதலில் போட்ட செயலியில் எல்லாம் தாமதமாக வந்தது. மாறன் ஓங்கி விட்ட அறை வழியிலேயே சுற்றிக்கொண்டிருந்து, வீடியோ கால் முடிந்து வெகு நேரம் கழித்து, தம்பியிடம் நாலு வார்த்தை பேசலாம் என்று அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த இருசப்பனின் தாடையில் விழுந்தது. அவர் தன் கடைவாய்ப் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஊட்டுப் பொம்பளைய இப்பிடியாடா அடிக்கறது" என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னார். அடுத்துப் போட்ட செயலி பின்னணியை மங்கலாக்கும் ரகம். அதில் கையும் மங்கலாக வந்தது, பட்டால் ஈரத்துணி பட்ட மாதிரி இருந்தது. ச்சே, இதுக்கா காசு குடுக்கறேன் என்று மாறன் கத்தினான்.

கடைசியில் கம்பெனிகளில் கூட்டம் நடத்தப் பயன்படுத்தும் செயலி ஒன்று இருக்கிறது, படம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று விமல்ராஜ் சொன்னார். மாறனுக்கு மேஷ ராசி. அந்தப் பங்குனியில்தான் அவனுக்கு ஏழரைச் சனி பிடித்திருந்தது. புதிதாக எதையும் தன் பெயரில் தொடங்கக் கூடாது, வண்டியானாலும் வீடானாலும் மனைவி பெயரில் தொடங்கு என்று ஜோசியர் சொல்லியிருந்தார். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், டூவீலரிலிருந்து மாவு மில் வரை சனி முடியும்வரை மனைவி பெயரில்தான் ஓடும். மாறன் அதையே செய்தான். "அவ பேர்லயே போட்டுடு விமலு, அவ நம்பரே குடுத்துடு. எனக்கு லிங்க் மட்டும் அனுப்பு. வியாழக்கெழம யமகண்டம் முடிஞ்சதும் ஆரம்பிச்சிக்கலாம்" என்றான். விமல்ராஜ் அப்படியே செய்தார்.

எல்லாம் முடிந்ததும் முக்காலியில் உட்கார்ந்தபடியே எழிலரசிக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு அதில் உள்நோக்கம் ஒன்றும் கிடையாது, எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். "அக்கா, இதுல நீங்கதான் ஹோஸ்ட்டு. அவரு வந்தா வெளிய வெயிட்டிங்ல நிப்பாரு. நீங்க உள்ள வுட்டாத்தான் வர முடியும். முடிக்கறதும் நீங்கதான். இந்த செவப்பு பட்டன அமுக்கினா எல்லாருக்கும் கட்டாயிடும்."

"அவர் பாதி உள்ள வந்திருந்தாலுமா?" என்று எழிலரசி கேட்டாள்.

விமல்ராஜ் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "டெஸ்ட் பண்ணலக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வியாழக்கிழமை காலை இருசப்பன் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்தார். மானிட்டரின் நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் பிழிந்தார்கள். மணி ஏழரை தாண்டியதும் திரையில், மாறன் காத்திருக்கிறார் என்று எழுத்து வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுடைய அனுமதிக்காகக் காத்து நின்றது அதுதான் முதல் தடவை. அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ இனிப்பது போல இருந்தது. "இன்னாம்மா படம் பாக்கற மாதிரி பாத்துக்கினு இருக்கற, வுடு உள்ள" என்றார் இருசப்பன், கோட்டுக்கு நன்றாக வெளியே நின்றபடி. அவள் விட்டாள்.

படம் உண்மையிலேயே கண்ணாடி மாதிரி இருந்தது. முன்கையின் மயிர்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மாறன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அத்தனை நாள் தேக்கி வைத்திருந்ததை எல்லாம் முஷ்டியில் வைத்து அவள் வாயில் குத்தினான். உதடு கிழிந்து கீபோர்டு முழுக்க ரத்தம் தெறித்தது. தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினான், மூக்கு உடைந்த சத்தம் அவளுக்கே தூரத்தில் யாரோ வேர்க்கடலை உடைப்பது போலக் கேட்டது. மறுபடி மோதினான். இருசப்பன், போதும்டா, நல்ல நாளு அதுவுமா என்றார். அதற்குள் வாசலில் பள்ளி ஆட்டோ ஹாரன் அடித்தது. கவிநிலா, ஒரு மாதப் பழக்கத்தில், கோட்டைத் தாண்டி ஓடி வந்து மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

கை எழிலரசியை விட்டுவிட்டு மகளின் பின்னலைப் பிடித்தது. "இவளையும் நீ கெடுத்து வெச்சிருக்க" என்றான் மாறன், அன்று அவன் பேசிய ஒரே பேச்சு. பின்னலைத் திரைக்குள் திணித்து, உள்ளே இருந்த இடது கையால் சுற்றிச் சுற்றி இழுத்தான். ரிப்பன் போட்ட நுனி மஸ்கட்டுக்குப் போய்விட்டது. பாதிப் பின்னல் போனது. குழந்தையின் பின்மண்டை கண்ணாடியில் மோதி, கண்ணாடி தண்ணீர் மாதிரி இளகத் தொடங்கியது. கவிநிலா அம்மாவைப் பார்த்தாள். எழிலரசி ஒரு கையால் மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மறுகையால் ரத்தத்தில் வழுக்கிய மவுஸைத் தேடிப் பிடித்து, சிவப்புப் பட்டனை அமுக்கினாள். நல்ல செயலிகள் எதையும் உடனே செய்துவிடாது. எல்லோருக்கும் கூட்டத்தை முடிக்கவா என்று அது மரியாதையாகக் கேட்டது. தோளிலிருந்து விரல் நுனி வரை திரைக்கு வெளியே இருந்த அந்தக் கையை அவள் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கையின் ஒவ்வொரு தழும்பும் தெரியும். ஆமாம் என்று அமுக்கினாள்.

வாழைத்தண்டை அரிவாளால் ஒரே வீச்சில் வெட்டினால் வரும் சத்தம் கேட்டது. திரை மூடிக்கொண்டது. கை தோள்பட்டையோடு அறுந்து மேசை மேல் விழுந்து, துள்ளி, கீழே உருண்டு, கோலமாவுக் கோடு வரைக்கும் ரத்தத்தை இழுத்துக்கொண்டு போய் அங்கே நின்றது. கோட்டை அது தாண்டவில்லை, அவள் அளவு அவ்வளவு சரி. கவிநிலாவின் பின்னல் கழுத்தோரமாக வெட்டுப்பட்டு, மிச்சம் மஸ்கட்டில் இருந்தது. கூட்டத்தின் தரம் எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று செயலி கேட்டது. எழிலரசி ஐந்தும் கொடுத்தாள். இருசப்பன் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார். அவள் மகளின் முடியை வாரி, ஹேர்பேண்ட் போட்டு, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. சத்தம் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். பல வருஷத்து அழுகை அது, வரட்டும் என்று விட்டாள்.

இருசப்பன் போலீசுக்குப் போனார். அதே எஸ்.ஐ. அம்மா அவருக்கும் டீ வரவழைத்துக் கொடுத்தார். "அடிபட்ட ஆளு மஸ்கட்ல இருக்கான். சம்பவ எடத்துல ஆளே இல்லாம நான் எப்படிங்க எஃப்.ஐ.ஆர். போடறது?" என்றார். ஜோசியரோ, சனி உயிரையே கேட்டிருக்கும், மனைவி பெயரில் போட்டதால் கையோடு விட்டது என்றார். அதில் இருசப்பனுக்கு மனசு ஆறிவிட்டது. கையைப் புதைக்கலாம் என்று சுடுகாட்டுக்குக் கொண்டு போனபோது அங்கே குழி வெட்டுகிறவர் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடா இருக்குது, நாடி ஓடுது, உயிரோட இருக்கறத நான் பொதைக்கறதில்ல என்று திருப்பி அனுப்பிவிட்டார். எழிலரசி அதை வீட்டுக்கே கொண்டுவந்து, கொஞ்ச நாள் சைக்கிள் டியூபால் கட்டிலின் காலில் கட்டிப் போட்டிருந்தாள். அது ஒன்றும் செய்யவில்லை. பின்னால் ஆள் இல்லாத கைக்கு எதை அடிப்பது என்று தெரியவில்லை போலும். மணிக்கட்டில் இருந்த வாட்ச் மஸ்கட் நேரத்தைக் காட்டிக்கொண்டே ஓடுகிறது. மகன் அங்கே வேலை செய்யும் எதிர்வீட்டம்மா போன் போடும் முன் வந்து மணி பார்த்துக்கொண்டு போகிறார். நகம் வளர்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் எழிலரசி வெட்டிவிடுகிறாள்.

மாறன் ஊருக்கு வரப் பார்த்தான் என்றும், வலது கை ரேகை வேண்டும் என்று விமான நிலையத்தில் கேட்டார்கள் என்றும், அது வேங்கிக்காலில் இருக்கிறது என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை என்றும் இருசப்பன் சொன்னார். எழிலரசி இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறாள். திங்கட்கிழமைகளில் வாசல்வரை கூட்டம் நிற்கிறது. மூக்கு கொஞ்சம் கோணலாகத்தான் ஆறியிருக்கிறது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் திரையின் மூலையில், மாறன் காத்திருக்கிறார் என்று எழுத்து வரும். அவள் உள்ளே விட்டதும் இல்லை, அனுப்பிவிட்டதும் இல்லை. அவன் அங்கேயே நிற்கிறான்.

கோலமாவுக் கோடு இப்போது கிடையாது. அந்த மேசையில் உட்கார்ந்துதான் கவிநிலா வீட்டுப்பாடம் எழுதுகிறாள். ஃபேன் காற்றில் தாள் பறக்கிறது என்று ஒரு நாள் அவளாகவே போய் அந்தக் கையைத் தூக்கி வந்து தாள் மேல் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அதற்கு அதுதான் வேலை. ஏழு மணி ஆனதும் அது நரம்பு புடைக்க விரலை மடக்கி இறுக்கும். அந்த நேரத்தில்தான் கை நல்ல கனமாக இருக்கிறது, தாள் அசைவதே இல்லை என்று கவிநிலா சொல்கிறாள்.